பழைய மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டரை வாங்கி மீட்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓடாமல் கிடக்கும் பழைய டிராக்டரை விலை பேசப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எஞ்சின் எப்படி இருக்கு?" என்றுதான். மாஸி ஃபெர்குசன் 35-ஐப் பொறுத்தவரை அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, இரும்பு வார்ப்புகள் எங்கும் விரிசல் விடாமல் இருக்கின்றனவா என்பது. இரண்டாவது, ஆர்.சி. புத்தகமும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பது.

காரணம் இந்த வண்டியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. லாரிக்கு இருப்பதுபோல இதற்குத் தனியாகச் சட்டகம் (சேசிஸ் ஃபிரேம்) கிடையாது. முன் அச்சைத் தாங்கும் வார்ப்பு, எஞ்சின் பிளாக், கியர் பாக்ஸ் ஹவுசிங், பின்னால் டிஃபரன்ஷியலும் ஹைட்ராலிக்கும் இருக்கும் சென்டர் ஹவுசிங் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். வண்டியின் சுமை முழுவதையும் தாங்குவது இந்த வார்ப்புகள்தான். ஸ்லீவ், பிஸ்டன், பேரிங் தேய்ந்தால் கடையில் வாங்கி மாட்டலாம். ஹவுசிங் விரிசல் விட்டால் அப்படி முடியாது. விரிசல் விட்ட வண்டிக்கும் காகிதம் இல்லாத வண்டிக்கும் எவ்வளவு செலவு செய்தாலும் அது கையை விட்டுப் போன பணம்.

எந்த 35 என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹாரி ஃபெர்குசனின் சாம்பல் நிற டி.ஈ.20 டிராக்டர் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், பேனர் லேன் ஆலையில் 1946 முதல் 1956 வரை தயாரானது. 1956-இல் அதன் இடத்துக்கு வந்ததுதான் 35. முதலில் வந்தவற்றில் தகடுகள் சாம்பல் நிறத்திலும், எஞ்சின், கியர் பாக்ஸ் வார்ப்புகள் வெண்கல நிறத்திலும் இருக்கும். மாஸி ஃபெர்குசன் என்ற பெயர் நிலைத்த பிறகு தகடுகள் சிவப்பாகவும் வார்ப்புகள் சாம்பலாகவும் மாறின. மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே தயாரித்த டாஃபே நிறுவனம் சென்னையில் 1960-இல் தொடங்கியது. செம்பியத்தில் சிம்ப்சன் ஆலை பெர்கின்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் எஞ்சின் தயாரித்தது. இன்றும் ஊருக்கு ஊர் தெரியும் டாஃபேயின் 1035 டிராக்டர் இந்த 35-இன் வழித்தோன்றல்தான். தமிழ்நாட்டில் இந்தப் பழைய வண்டியைத் துணிந்து தொடலாம் என்பதற்கு அதுவே முதல் காரணம்.

வண்டியின் பக்கவாட்டில் நின்று நாசில்களை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம், சிலிண்டருக்கு ஒன்று) எண்ணுங்கள். மூன்று இருந்தால் பெர்கின்ஸ் வகை; 91.4 மி.மீ. போர், 127 மி.மீ. ஸ்ட்ரோக், சுமார் 2,500 சி.சி. நான்கு நாசில் இருந்தால் தொடக்க கால டீசல் வண்டிகளில் வந்த ஸ்டாண்டர்ட் 23சி எஞ்சின். குளிரில் கிளம்ப அடம்பிடிக்கும் என்று இங்கிலாந்திலேயே பெயர் வாங்கியது அது. நம் வெயிலில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். உழவுக்காக வாங்குபவர் நான்கு சிலிண்டரைத் தவிர்த்துவிடுவது நல்லது. சேகரிப்புக்காக வாங்குபவர், பாகங்கள் முழுமையாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 35-இல் வந்த பெர்கின்ஸ் ஏ3.152 எஞ்சின் மறைமுக எரிபொருள் செலுத்தும் வகை. அடுத்து வந்த 135 மாடலின் ஏ.டி.3.152 நேரடியாகச் செலுத்தும் வகை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். பிஸ்டனும் ஹெட்டும் நாசிலும் வேறு. "எல்லாம் ஒண்ணுதான், போடுங்க" என்று கடைக்காரர் சொன்னாலும் பழைய பாகத்தைக் கையில் எடுத்துப்போய் அளந்து ஒப்பிட்டே வாங்குங்கள். 1035-க்கான பாகங்களுக்கும் இதே விதிதான். கிளட்ச், பிரேக், லிங்கேஜ் பக்கம் நிறையப் பொருந்தும். எஞ்சினுக்குள் போகும் பாகங்களில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது.

எதற்காக என்று எழுதி வையுங்கள்

வாரத்தில் ஒரு நாள் ஒன்பது கொத்துக் கலப்பை இழுக்க வேண்டும், பி.டி.ஓ.-வில் (எஞ்சின் சுழற்சியை வெளிக்கருவிக்குத் தரும் பின்பக்கத் தண்டு) தண்ணீர் பம்ப் ஓட்ட வேண்டும் என்பது ஒரு வேலை. ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் ஆக்கி நிறுத்துவது வேறு வேலை. தாத்தா வாங்கிய வண்டி என்பதால் திரும்ப ஓட வைப்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆல்டர்னேட்டரும் புது வகை ஏர் ஃபில்டரும் போட்டுக்கொள்ளலாம், பெயிண்ட் பற்றிக் கவலையில்லை. இரண்டாவதற்கு லூகாஸ் டைனமோ, எண்ணெய்த் தொட்டி ஏர் கிளீனர், பழைய மீட்டர்கள், பெயர்த்தகடு எல்லாம் அசலாக வேண்டும். இவற்றைத் தேடுவதற்கு ஆகும் காலம் எஞ்சின் வேலையைவிட அதிகம்.

தினமும் ரோட்டவேட்டர் ஓட்டிப் பிழைப்பதற்கு இந்த வண்டி ஏற்றதல்ல. ஆறு முன் கியர்தான், பவர் ஸ்டீயரிங் இல்லை, வண்டி புரண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகமும் இல்லை. வாடகைக்கு ஓட்டி வருமானம் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஓடும் நிலையிலுள்ள புதிய வண்டியைப் பாருங்கள்.

காகிதம்: முன்பணத்துக்கு முன்

ஆர்.சி. அசலைக் கேளுங்கள். நகல் போதாது. பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகின்றனவா? டேஷ்போர்டு பக்கம் உள்ள பெயர்த்தகட்டைத் துணியால் துடைத்துப் படியுங்கள். பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் உரசி எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எப்போதோ மாற்றப்பட்டு ஆர்.சி.யில் பதியாமல் விட்டிருப்பது இந்த வயது வண்டிகளில் சாதாரணம். தீர்க்கக்கூடியதுதான், ஆனால் தீர்க்க வேண்டியவர் விற்பவர், வாங்கியவர் அல்ல. பெயர்த்தகட்டின் ரிவெட் புதிதாக இருந்தாலோ எண்ணைச் சுற்றிக் கிரைண்டர் தடம் இருந்தாலோ பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் சிக்குவது இங்கேதான். உரிமையாளர் இறந்திருப்பார், மகன் விற்பார், பெயர் மாற்றியிருக்க மாட்டார். வாரிசு பெயருக்குப் படிவம் 31 மூலம் மாற்றிய பிறகே உங்களுக்குப் படிவம் 29, 30 எழுத முடியும். வேறு வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வாங்கிய கடன் என்றோ அடைபட்டிருக்கும், ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (வண்டி கடனுக்கு ஈடு என்ற பதிவு) மட்டும் அழியாமல் இருக்கும். அதற்கு அந்த நிறுவனத்தின் கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். வேறு ஆர்.டி.ஓ. எல்லையிலிருந்து வந்தால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று.

பதிவு உயிரோடு இருக்கிறதா? முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மூன்றெழுத்துப் பழைய பதிவு எண் கொண்ட வண்டிகள் பல, அரசின் 'வாகன்' கணினிப் பதிவிலேயே ஏறியிருக்காது. அப்படியானால் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் வண்டி இருக்கிறதா, ஏற்றித் தருவார்களா என்று நேரில் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். புதுப்பிக்காமல் விட்ட காலத்துக்கான கட்டணம், வரி பாக்கி இரண்டையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"வயலுக்குள் மட்டும்தானே ஓட்டப்போறோம், காகிதம் எதுக்கு?" என்பார்கள். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டும். காப்பீடு இல்லாமல் விபத்து நடந்தால் இழப்பீடு நிலத்தை விற்றுக் கொடுக்கும் அளவுக்கு வரலாம்.

பார்க்கப் போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை

டார்ச், கம்பி பிரஷ், சிறு காந்தம், 12 வோல்ட் பேட்டரி, கனமான கேபிள், ஐந்து லிட்டர் சுத்தமான டீசல், கண்ணாடி பாட்டில் இரண்டு, ஹைட்ராலிக் ஜாக்கி, மரக்கட்டைகள். ஸ்பேனர் எடுத்தால் இன்ச் செட்டாக எடுங்கள்: 7/16, 1/2, 9/16, 3/4, 15/16. இந்த வண்டியின் போல்ட்கள் இன்ச் அளவில் உள்ளவை. 9/16-க்கு 14 நம்பர் ஏறாது, 15 நம்பர் வழுக்கும். முனை மழுங்கிய போல்ட்கள் நிறைய இருந்தால், வண்டியை இதற்கு முன் கழற்றியவர் எவ்வளவு பொறுமைசாலி என்பது தெரிந்துவிடும்.

நீங்கள் வரும்முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும்.

வண்டி இதுவரை எங்கே உழைத்தது என்று கேளுங்கள். எந்த இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். டெல்டாவில் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு ஓட்டிய வண்டி என்றால் பின் அச்சு ஆயில் சீல், பிரேக் டிரம், ஹைட்ராலிக் எண்ணெயில் தண்ணீர். கரிசல், செம்மண் புழுதியில் ஓடியது என்றால் ஏர் கிளீனர், அதனால் ஸ்லீவும் ரிங்கும். செங்கல், கரும்பு, மணல் டிரெய்லர் இழுத்தது என்றால் கிளட்ச், கிரௌன் பினியன், பிரேக். முன்னால் மண் தள்ளும் பிளேடு மாட்டியிருந்தது என்றால் முன் அச்சைத் தாங்கும் வார்ப்பும் எஞ்சினோடு அது சேரும் இடமும்.

முதல் சோதனை: வார்ப்பு

இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். எண்ணெயும் மண்ணும் அப்பியிருக்கும் இடங்களை டீசல் தடவிச் சுரண்டிப் பாருங்கள். கவனிக்க வேண்டிய இடங்கள்:

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் வளையம். கீழ்ப்பக்க போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா? போல்ட் தளர்ந்து நெடுநாள் ஓடியிருந்தால் இணைப்பில் துருப்பொடி கலந்த எண்ணெய்க் கசிவு தெரியும். போல்ட் தளர்வது சின்ன விஷயம். தளர்ந்தபடி சுமை இழுத்ததில் வார்ப்பு விரிசல் விடுவதுதான் பெரிய விஷயம்.

முன் அச்சு வார்ப்பு எஞ்சினோடு சேரும் இடம், அச்சின் நடு ஊசி நுழையும் துளை. பின்னால், சக்கரத்துக்குப் போகும் அச்சுக் குழல்கள் சென்டர் ஹவுசிங்கோடு சேரும் வட்டம். லிஃப்ட் மூடி, டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடிக்கும் கம்பி) தாங்கி.

வெல்டிங் தடம், பித்தளை நிற ஒட்டு, எம்-சீல் பூச்சு, ஒரே இடத்தில் மட்டும் தடித்த புதுப் பெயிண்ட் இவை எதையும் விடாமல் கேளுங்கள். வார்ப்பிரும்பைச் சூடேற்றி, நிக்கல் ராடில் வெல்டு செய்து, மெதுவாக ஆறவிட்டால் சில இடங்களில் நிற்கும்: எண்ணெய் மட்டும் தாங்கும் பக்கவாட்டுச் சுவர், மூடி போன்றவை. சுமை தாங்கும் போல்ட் துளையருகே போட்ட வெல்டு நிற்காது. சாதாரண ராடில் அவசரமாகப் போட்ட வெல்டு பக்கத்திலேயே இன்னொரு விரிசலைக் கிளப்பும்.

பிளாக்கின் பக்கத்தில் தண்ணீர்ப் பாதையை அடைக்கும் வட்டத் தகடுகளையும் பாருங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிவந்த வண்டிகளில் இவை அரித்துப்போய்ச் சொட்டும். தகடு மாற்றுவது எளிது. ஆனால் அந்த உப்பு உள்ளே படிந்து, எஞ்சின் சூடேறி, ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் விட்டிருக்கக்கூடும் என்பதற்கு அது முன்னறிவிப்பு.

எஞ்சின்: ஓடும் வண்டியில்

ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டிக் சுத்தமாக இருந்தாலும் ஆயில் சம்ப் போல்ட்டை இரண்டு மூன்று புரி மட்டும் தளர்த்திப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் கனமானது என்பதால் அடியிலிருந்து முதலில் அதுதான் வரும்.

ஆயில் பிரஷர் மீட்டரை நம்பாதீர்கள். முடிந்தால் தனி மீட்டர் ஒன்றை மாட்டி, எஞ்சின் நன்கு சூடானபின் முழு வேகத்தில் பாருங்கள். 30 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் கிராங்க், பேரிங், ஆயில் பம்ப் வேலை இருக்கிறது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பிடியுங்கள். விட்டுவிட்டுப் புகை குப்பென்று அடித்தால் ரிங்கும் ஸ்லீவும் முடிந்துவிட்டன. சைலன்சரில் நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சுமையில்லாதபோதே கரும்புகை என்றால் நாசில் அல்லது அடைபட்ட ஏர் கிளீனர். சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் கம்ப்ரெஷன் குறைவு, டைமிங் பிசகு, அல்லது தண்ணீர் எரிகிறது. கம்ப்ரெஷன் மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள் அளவைவிட வித்தியாசத்தைக் கவனியுங்கள். மூன்று சிலிண்டருக்குள் 50 பி.எஸ்.ஐ.-க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் ஹெட்டைக் கழற்றாமல் முடிவு சொல்ல முடியாது.

டீசல் பம்ப் சி.ஏ.வி. டி.பி.ஏ. ரோட்டரி வகை. இந்த வகைப் பம்ப் நம் நாட்டிலேயே பெரும் எண்ணிக்கையில் தயாரானதால் டீசல் பம்ப் வேலை செய்யும் கடை எதிலும் இதைப் பிரிக்கத் தெரிந்தவர் இருப்பார். நெடுநாள் கிடந்த வண்டியில் உள்ளே மீட்டரிங் வால்வு பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். முழு எரிபொருள் நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன அடுத்த நொடியே எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். அதனால் முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, காற்று நுழையும் வாயை அடைக்கத் தட்டையான பலகையோடு தயாராக நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்கக்கூடாது.

எஞ்சின்: பிடித்துக்கிடக்கும் வண்டியில்

சுற்றாத எஞ்சினைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. விலையைக் குறைக்க அது நல்ல காரணம். சைலன்சர் வாயில் மூடி இல்லாமல் மழையில் நின்ற வண்டியில், வெளியேற்று வால்வு திறந்திருந்த சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கும். இந்த எஞ்சினில் உலர் ஸ்லீவ், அதாவது குளிர்விக்கும் தண்ணீர் நேரடியாகத் தொடாத சிலிண்டர் உறை. எவ்வளவு துருப்பிடித்தாலும் ஸ்லீவை வெளியே தள்ளிப் புதியது இறக்கலாம், பிளாக் தப்பிவிடும்.

வாங்குமுன் சோதிக்க விற்பவர் அனுமதித்தால்: மூன்று நாசிலையும் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்) எண்ணெயும் சமமாகக் கலந்து சிலிண்டருக்கு 100 மி.லி. ஊற்றி மூன்று நாள் விடுங்கள். ராக்கர் மூடியைத் திறந்து, வால்வு ஏதாவது கீழேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு இருபுறமும் சிறுகச் சிறுக அசையுங்கள். டாப் கியரில் போட்டு இன்னொரு டிராக்டரால் இழுப்பது நம் ஊரில் வழக்கம். அதைச் செய்யவே கூடாது. கனெக்டிங் ராடு வளையும், வால்வு வளையும், சிலிண்டரில் தண்ணீர் நின்றிருந்தால் பிஸ்டனே உடையும்.

விற்பவர் அனுமதிக்காவிட்டால் முழு ஓவராயில் (எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை) என்றே கணக்குப் போடுங்கள்.

கிளட்ச், கியர், பின் அச்சு

கைப் பிரேக் போட்டு, டாப் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் பிளேட் பிடிக்கிறது. நிற்காமல் சுற்றினால் வழுக்குகிறது. இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் பெடலைப் பாதி மிதித்தால் வண்டியும் முழுதும் மிதித்தால் பி.டி.ஓ.-வும் நிற்க வேண்டும்.

ஹை, லோ இரண்டிலும் ஒவ்வொரு கியரையும் ஓட்டிப் பாருங்கள், குறிப்பாக இறக்கத்தில். கியர் தானாக வெளியே வந்தால் பல் தேய்ந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது பின்னால் "டக், டக்" என்று சீராக அடித்தால் டிஃபரன்ஷியல்.

கிளட்சைத் தொட வேண்டுமென்றால் வண்டியை எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அதற்கான கூலி கிளட்ச் பிளேட் விலைக்குச் சமமாகவே வரும். ஆகையால் ஒருமுறை பிரித்தால் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின்பக்கக் கயிறு சீல், கியர் பாக்ஸ் முன் சீல், பல் போயிருந்தால் ஃப்ளைவீல் ரிங் கியர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்துக் கயிறு சீலை விட்டால், புதுப் பிளேட்டில் எண்ணெய் இறங்கி மீண்டும் பிரிக்க நேரும்.

ஹைட்ராலிக் லிஃப்ட்

இந்த வண்டியின் பெருமையே இதுதான். டாப் லிங்க்கின் தள்ளலை உணர்ந்து உழவின் ஆழத்தைத் தானாகச் சரிசெய்யும் ஃபெர்குசன் முறையைத்தான் இன்று எல்லா நிறுவனங்களும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. கியர் பாக்ஸ், பின் அச்சு, லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே எண்ணெய், சுமார் 30 லிட்டர். எனவே சேற்றுத் தண்ணீர் ஒரு சீல் வழியே உள்ளே போனால் மூன்றும் கெடும்.

எண்ணெய் சூடேற இருபது நிமிடம் ஓட்டுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பம்பும் தூக்கிவிடும். கலப்பையை மாட்டி, மேலே இரண்டு மணல் மூட்டை வைத்துத் தூக்குங்கள். மேலேறிய கலப்பை நிலையாக நிற்காமல் தலையாட்டுவதுபோல் இறங்கி ஏறினால் எங்கோ அழுத்தம் கசிகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். மெல்ல இறங்குவது வயதுக்கு இயல்பு. உடனே சரிந்தால், மேல் மூடியோடு சேரும் குழாயின் ஓ-ரிங், சிலிண்டர் பிஸ்டன் ரிங், பம்ப் வால்வுகள் இவற்றில் ஒன்று. முதலாவது சில ரூபாய் வேலை, கூலிதான் அதிகம். கடைசியாகச் சொன்னது பம்பையே வெளியே எடுக்கும் வேலை. எதில் கசிவு என்று அறிய, எண்ணெயைக் குறைத்து, வலப்பக்க மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். சுமை தொங்கும்போது அதன் கீழே யாரும் கையோ காலோ நீட்டக்கூடாது.

டாப் லிங்க் தாங்கியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். லொடலொடவென்று ஆடினால் உழவின் ஆழம் நிலைக்காது. நட்டைச் சரிசெய்தாலே பெரும்பாலும் தீரும்.

மற்றவை

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள்: பேரிங், புஷ், நடு ஊசி. இவை லேத்தில் முடியும் வேலைகள். ஸ்டீயரிங்கில் இரண்டு மூன்று அங்குல ஆட்டம் பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். பிரேக் டிரம்முக்குக் கீழே எண்ணெய் வடிந்த தடம் இருந்தால் ஷூவும் நனைந்திருக்கும். சீலோடு ஷூவையும் மாற்ற வேண்டும்.

பின் டயர்களைத் தனியாகக் கணக்கிடுங்கள். பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) இருந்தும் பக்கச்சுவர் வெடித்திருந்தால் அது டயரே அல்ல. தண்ணீர் நிரப்பி ஓட்டிய சக்கரங்களில் ரிம் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். வால்வு துளையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள்.

பானெட், கிரில், மட்கார்டு, மீட்டர், பெயர்ச் சின்னங்கள் இவை இருக்கின்றனவா என்பது மீட்பு வேலைக்கு வரும்போது மிகப் பெரிய கேள்வி. காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது.

கணக்கு

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் நிச்சயம் மாற்ற வேண்டியவை, வலப்பக்கம் பிரித்த பிறகே தெரிபவை. முழு எஞ்சின் ஓவராயில் என்றால் பட்டியல் இது: ஸ்லீவ் 3, பிஸ்டன் 3, ரிங் செட் 3, மெயின் பேரிங் 4 இணை, பெரிய முனை பேரிங் 3 இணை, த்ரஸ்ட் வாஷர், வால்வு 6, கைடு 6, கேஸ்கெட் செட், நாசில் முனை 3, டீசல் பம்ப் சர்வீஸ், வாட்டர் பம்ப் கிட், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை. கிராங்க் ஏற்கெனவே கடைசி அளவுவரை, அதாவது 30 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கிரைண்ட் செய்யப்பட்டிருந்தால் வேறு கிராங்க் தேட வேண்டும். எனவே பேரிங் வாங்குமுன் அளக்கச் சொல்லுங்கள்.

வலப்பக்கப் பத்தியில் பாதியாவது உண்மையாகும் என்று வையுங்கள். மொத்தத்தின் மேல் கால் பங்கு கூட்டுங்கள். காகிதச் செலவையும் லாரி வாடகையையும் சேருங்கள். இப்போது அதே மாடலில், ஓடும் நிலையில், காகிதத்தோடு இருக்கும் வண்டி உங்கள் பகுதியில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். உழவுக்காக வாங்குபவரின் மொத்தம் அந்த விலையைத் தாண்டினால் ஓடும் வண்டியையே வாங்க வேண்டும். சேகரிப்பவர் தாண்டலாம், ஆனால் தெரிந்தே தாண்ட வேண்டும். விற்கும்போது அந்தப் பணம் திரும்பாது.

காகிதம் இல்லாமல் பாகங்கள் நல்லதாக இருக்கும் வண்டியை உதிரிபாகத்துக்காக, காயலான் கடை எடை விலையை ஒட்டி வாங்கலாம். நல்ல பானெட்டும் ஹவுசிங்கும் கிடைப்பது அப்படித்தான்.

வாங்கிவிட்டால், எந்த வரிசையில்

முதல் வேலை பெயர் மாற்றம். அது முடியும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

அடுத்து, ஓடக்கூடிய நிலை என்றால் கழற்றுமுன் ஓடவிட்டுப் பாருங்கள். பேட்டரி மாட்டுமுன் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று கவனியுங்கள். பழைய லூகாஸ் டைனமோ உள்ளவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, டீசல் விட்டு ஏர் எடுங்கள்: முதலில் ஃபில்டர், பிறகு பம்ப் ஹெட்டின் பக்கத்திலுள்ள ஸ்க்ரூ, பிறகு கவர்னர் மேல்மூடி ஸ்க்ரூ, கடைசியாக நாசில் யூனியன். வரிசை மாறினால் ஏர் உள்ளேயே சுற்றும்.

ஸ்டார்ட்டர் முனைகளில் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்து கிளப்பும் பழக்கம் ஆளைக் கொல்லும். கியரில் இருந்தால் வண்டி உடனே நகரும். நிற்பது பின் சக்கரத்துக்கு முன்னால். கியர் நியூட்ரலில் இல்லாமல் ஸ்டார்ட் ஆவதைத் தடுக்கும் சுவிட்ச் கழற்றப்பட்டிருந்தால் முதலில் அதை மாட்டுங்கள்.

வண்டியைப் பிரிக்கும்போது, முன் அச்சுக்கும் அதைத் தாங்கும் வார்ப்புக்கும் நடுவே இருபக்கமும் மர ஆப்பு அடியுங்கள். அச்சு நடு ஊசியில் ஆடக்கூடியது; ஆப்பு இல்லாவிட்டால் பிரிந்த எஞ்சின் பக்கவாட்டில் கவிழும். கியர் பாக்ஸின் கீழ் உறுதியான ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது.

எஞ்சின், கிளட்ச், லிஃப்ட், பிரேக் முடிந்து, பெயிண்ட் அடிக்காமலேயே குறைந்தது பத்து மணி நேரம் ஓட்டுங்கள். கசிவெல்லாம் அப்போது வெளியே வரும். புது எஞ்சினை, ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடித்த பிறகே கிளப்ப வேண்டும். சூடாகி ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பெட் இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 12 தவ், அதாவது 0.30 மி.மீ. வையுங்கள்.

அதன் பிறகு டிங்கரிங், பிறகு பெயிண்ட். மாட்டியிருக்கும் வார்ப்புகளின் மேல் மணல் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள். சீல் விளிம்பு வழியாக மணல் உள்ளே போகும். கம்பி பிரஷ்ஷும் டீசலும் பிறகு தின்னரும் போதும். பெயர்த்தகட்டையும் அடித்த எண்களையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். அடுத்த புதுப்பித்தலுக்கு ஆய்வாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

ஓவராயில் செய்த எஞ்சினின் முதல் ஆயிலை 25 முதல் 50 மணி நேரத்துக்குள் ஃபில்டரோடு மாற்றி, வடித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டித் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், சென்டர் ஹவுசிங் சேரும் இடங்களில் உள்ள எல்லா போல்ட்களையும் அன்றே மீண்டும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.